இரண்டு முறை திறக்கும் கதவு

வெளிச்சத்தோடு வெளிச்சத்தைச் சேர்த்தால் இருட்டு உண்டாகும் என்று உலகில் பலர் பெரும் பொருட்செலவில் நிரூபித்திருக்கிறார்கள். அதையே காசு செலவில்லாமல், நாள் தவறாமல், அலுவலக நேரத்துக்குள்ளேயே நிரூபித்துவந்த மேதை ஒருவர்தான். அவர் அலை ஆய்வுக்கூடத்தின் இயக்குநர்.

அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆய்வாளர் பெண்மணிக்கு இந்த மேதைமை பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் சோதனை. பழைய சோதனையில் ஒரு தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள் இருக்கும். ஒளி இரண்டிலும் நுழைந்து சுவரில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடு போடும். இவளுடையதில் வாசல் ஒன்றே ஒன்று. அது ஒரு மெல்லிய படலம். கண் இமைப்பதெல்லாம் அதன் முன்னால் ஒரு யுகம் என்னும் வேகத்தில், ஒருமுறை திறந்து மூடும், மறுபடி திறந்து மூடும். முந்தி வந்த ஒளியும் பிந்தி வந்த ஒளியும் கலந்ததில் சில நிறங்கள் பளிச்சிடும், சில அடியோடு காணாமல் போகும்.

படலம் ஒழுங்காகத் திறந்தது. திறக்காமல் கிடந்தது அவளுடைய வேலை நீட்டிப்புதான். இந்த வாரத்தோடு தவணை முடிகிறது. “வேற ஊர்ல வீடு பார்க்கட்டுமா?” என்று கணவர் பாதிக் கிண்டலும் பாதிக் கவலையுமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இயக்குநரின் அறைக்கதவும் நாளைக்கு இரண்டு முறை திறக்கும். காலையில் ஒன்று.

“வாங்கம்மா. வேலையா? தாராளமா இருங்க! நீங்க இல்லாம இந்தக் கூடம் ஏது?”

மாலையில் ஒன்று. அதற்குள் நிர்வாக அதிகாரி, அதாவது இயக்குநர் மனைவியின் தம்பி, அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பார்.

“அதுவா... பார்க்கலாம்மா. குழு கூடட்டும்.”

காலையில் கிடைத்ததும் மாலையில் கிடைத்ததும் கலந்து, மறுநாள் பார்த்தால் பேச்சு நடந்த சுவடே இருக்காது. அவளுக்கு முன்னால் நாலைந்து பேர் இப்படித்தான் அந்தத் ‘தாராள’த்தைக் கைநிறைய வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன.

விஞ்ஞானியாயிற்றே, இடைவெளியைக் குறைத்துப் பார்த்தாள். காலையில் ஒரு ‘தாராளமா’வை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், கதவைச் சாத்திய கையோடு மறுபடி தட்டினாள்.

“சார், நான் இருக்கலாம்தானே?”

“இப்பத்தானேம்மா சொன்னேன்? தாராளமா!”

வெளிச்சத்தின் மேல் வெளிச்சம்! அவள் மனசு குதித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து தேநீர்க் கோப்பை ஒன்று நீண்டது; அதைத் தொடர்ந்து மைத்துனரின் தலை.

“அத்தான், ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை ஒப்புதல் குடுத்தா, முதல் ஒப்புதல் செல்லாதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?”

“அட, ஆமா மச்சான்! நல்லவேளை சொன்னே. பார்க்கலாம்மா.”

வாரக் கடைசியில் நிர்வாகக் குழுத் தலைவி உறுப்பினர்கள் புடைசூழச் சோதனையைப் பார்க்க வந்தார். இரும்புக் கடையிலிருந்து வளர்ந்தவர். எதையும் தட்டி ஓசை கேட்காமல் வாங்கமாட்டார். திரையில் வண்ணக் கோடுகள் வந்தன. நடுநடுவே கறுப்பு.

“ரெண்டு தடவை ஒளியை விட்டிருக்கீங்க. சரக்கு ரெட்டிப்பால்ல வரணும்? நடுவுல எவன் எடுத்தான்?” என்றார் தலைவி.

இயக்குநர் ஆய்வாளர் பக்கம் கையைக் காட்டினார். “அம்மணி, நீங்களே சொல்லுங்க.”

“முதல் திறப்புல வந்ததை ரெண்டாவது திறப்புல வந்தது அழிச்சிடுது மேடம்.”

“வாயால சொல்லாதே. கண்ணுக்குத் தெரியிற மாதிரி காட்டு.”

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினாள். “சார், அடுத்த வாரமும் நான் வேலைக்கு வரலாமா?”

“இதென்ன கேள்வி? தாராளமா!” சபை கைதட்டியது. மைத்துனர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

“சார், வரலாமா?”

“அது... பார்க்கலாம்மா.”

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ம்ம். இப்ப நல்லாத் தெரியுது. இந்தச் சோதனை எத்தனை நாளா நடக்குது?”

பாராட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று இயக்குநர் நிமிர்ந்தார். “நான் பொறுப்பேத்துக்கிட்ட நாள்லேருந்தும்மா! முழுக்க முழுக்க என் சொந்த முயற்சி. இதுல வேற யாருக்கும் பங்கு கிடையாது.”

மைத்துனர் அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். தலைவியின் கண் சுவரோர நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து, ஆய்வாளரிடம் நின்றது.

“நீ இரு பொண்ணே. நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்.”

நம் மேதைக்குரிய புகழை நாம் குறைக்கலாகாது. அந்தக் கூடத்தில் இத்தனை காலமும் ஒருநாள்கூடப் பழுதாகாமல் ஓடிய இருட்டுக் கருவி அது ஒன்றுதான்; அதற்குக் கோட்டும் டையும் மாட்டி, கார் கொடுத்து, ‘இயக்குநர்’ என்று பெயர்ப்பலகையும் வைத்திருந்தார்கள்.