பூட்டிய பீரோவில் தத்துவம்

நூலகத்தில் தத்துவ நூல்கள் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு எதிரே, கண்ணாடி பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். வாசகர்களின் பொன்னான நேரம் வீணாகக் கூடாதே என்று, பயனுள்ள நூல்களை மட்டுமே இரவல் தருவதென நிர்வாகம் கருணையோடு தீர்மானித்திருந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்த ஒரு பெண்ணுக்குத் தேர்வுக்கு இன்னும் பதினைந்தே நாள். அஞ்சல்வழிப் பட்டத்தில் மற்ற தாள்களெல்லாம் தேறியாயிற்று. தத்துவம் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இது கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் ஐந்து வருடப் படிப்பும் போச்சு. வீட்டுக்காரர் வேறு, "இந்தத் தடவையாவது..." என்று பாதியில் நிறுத்துவார். அந்த மீதிப் பாதிதான் அவளுக்கு எரிச்சல்.

நூலகத்தில் போய்க் கேட்டபோது பிரிவு அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"எது பயனுள்ள புக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"பட்டியல்ல இருக்கும்மா. படிச்சவங்க மூணு பேர் எழுதிக் குடுத்தா பட்டியல்ல ஏறும்."

"பூட்டி வெச்சா யார் சார் படிப்பாங்க?"

"அதனாலதான் இன்னும் ஒண்ணுகூட ஏறல." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

இணையத்திலாவது பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தாராளமாக என்று கணினியைக் காட்டினார். அனுமதி பெற்ற தளங்கள் மட்டுமே அதில் திறக்கும். எவை அனுமதி பெற்றவை என்பது நூலகத்தின் சொந்தத் தளத்தில் இருந்தது. அந்தத் தளத்துக்கு அனுமதி இன்னும் வரவில்லை.

வீட்டில் கைபேசியில் தேடினாள். தத்துவம் கற்கச் சிறந்த நூறு தளங்கள் என்று ஒன்று வந்தது. திறந்தால், அதேபோன்ற நூறு பட்டியல்களின் பட்டியல். இரண்டு லட்சம் பேர் சேமித்து வைத்திருந்தார்கள். படித்ததாக ஒருவரும் சொல்லவில்லை. இவளும் சேமித்து வைத்தாள்.

பீரோவைத் திறக்கச் சொல்லி நூலகத்தில் மனு கொடுத்தாள். ஆராயக் குழு அமைந்தது. குழு இருமுறை கூடித் தேநீர் அருந்தி, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபட்டுக் கலைந்தது. அதற்குள் தேர்வு வந்துவிட்டது.

முதல் கேள்வி: ஒன்று பயனுள்ளது என்பதை எவ்வாறு அறிகிறோம்? எடுத்துக்காட்டுடன் விளக்குக. வயிற்றெரிச்சல் தீர, பீரோவில் தொடங்கி சாவி வரை பதினோரு பக்கம் எழுதித் தள்ளினாள். தேறிவிட்டாள், அதுவும் முதல் வகுப்பில்.

நூலகம் பூரித்துப்போனது. அவள் படத்தைப் பெரிதாக்கி, புத்தகங்கள் தெரியாதபடி பீரோவின் இரண்டு கண்ணாடிக் கதவுகளையும் சேர்த்து ஒட்டியது. குழுவை மறுபடி அமைத்து அவளையே தலைவியாக்கியது. சாவி அவள் கைப்பைக்கு வந்து சேர்ந்தது.

மறுவாரம் ஒரு தையல்காரர் வந்தார். தத்துவத் தேர்வுக்குப் பதினைந்து நாள், கடைசி வாய்ப்பு என்றார். அவளுக்கு மனசு இளகிவிட்டது. சாவியைக்கூட வெளியே எடுத்துவிட்டாள். பிறகு கண்ணாடியில் சிரிக்கும் தன் படத்தைப் பார்த்தாள். பீரோவைத் திறந்தால் அது கிழிந்துவிடும்.

"நான் மட்டும் எந்தப் புக்கைப் படிச்சுப் பாஸ் பண்ணேன் அண்ணா?" என்றபடி கைப்பையை மூடினாள். "முதல்ல ஒரு மனு எழுதிக் குடுங்க. நல்லா விரிவா எழுதுங்க, தேர்வுக்கு உதவும்."