தலைவரின் ஆமைகள்

"அத்த உள்ள எட்த்துகினு வந்தே, நான் வெளிய பூடுவேன்," என்றாள் பவானி.

கோதண்டம் ஒரு கால் வாசற்படிக்கு உள்ளேயும் மறுகால் வெளியேயுமாக நின்றார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. கொருக்குப்பேட்டைப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது. உள்ளே, சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளை வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் பச்சை வண்ணத்தில் ஓர் ஆமை.

"இது தலைவரோட சின்னம் பவானி!"

"யாரோட சின்னமா இருந்தா இன்னா? ஆமை பூந்த வூடு உருப்படுமா?"

கோதண்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பெருமையில் பழமொழியை மறந்துவிட்டிருந்தார்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஆள் உள்ள சமுத்திர சகோதரர் சபைக்கு இந்த ஆண்டுத் தலைவர் அவர்தான். துறைமுக ஒப்பந்தக்காரர்களும் விசைப்படகுச் சொந்தக்காரர்களும் அமர்ந்த நாற்காலி அது. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒருவர் அதில் அமர்வது இதுவே முதல்முறை.

தலைவராக வருபவர் தனக்கென ஒரு சின்னமும் ஒரு வாசகமும் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னால் இருந்தவர்கள் சிங்கம், கழுகு என்று எடுத்திருந்தார்கள். வில்லை வந்து சேரும்வரை சின்னத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, மனைவியிடம்கூட. வந்த பிறகு சகோதரர்கள் தலைவர் வீட்டுக்கு வந்து ஆளுக்கொன்று வாங்கிப் போவார்கள். வீட்டில் சாமி படத்தருகே ஓரிரவு வைத்து, பதவியேற்பு அன்று நெஞ்சில் குத்திக்கொண்டு வருவார்கள். 'நீதான் எங்கள் தலைவர்' என்று சொல்லும் முறை அது. வில்லை குத்தாத சபைக்குத் தலைவர் இருந்தும் இல்லாதது போலத்தான்.

கடலெல்லாம் சுற்றிவிட்டு முட்டையிட நம் கரையைத் தேடி வருகிற ஆமையைக் கோதண்டத்துக்குப் பிடிக்கும். 'எங்கே போனாலும் கரைக்கு வருவோம்' என்று வாசகமும் எழுதியிருந்தார். கரைக்கு வரலாம். வீட்டுக்கு வரலாமா?

பெட்டியை மாடிப்படியில் வைத்தார். கீழ்வீட்டு மனோகரன், சபையின் பொருளாளர், லுங்கியை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னா மாமு, பொட்டி?"

"சின்னம் வந்துச்சு. ஒண்ணு எட்த்துக்கோ."

மனோகரன் ஆவலோடு பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடினார்.

"நல்லாத்தான் கீது. எங்க வூட்ல பெயிண்ட் அடிக்கிறாங்கோ. அப்பால வாங்கிக்கிறேன். ஆனா மாமு, இந்தப் படிக்கட்டு என் வூட்டுக்கும் படிக்கட்டு, பாத்துக்கோ."

பெட்டி ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் போயிற்று. மறுநாள் காலை ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அது வாரத்துக்கு இரண்டு முறை கிளம்பாத ஸ்கூட்டர்தான். ஆனால் அன்றைக்கு ஆமை செய்த வேலை என்று தேரடி வரைக்கும் பேச்சாகிவிட்டது.

தண்டையார்பேட்டையில் இருந்த தன் தார்ப்பாய்ப் பட்டறைக்கு எடுத்துப் போனார். அங்கே தையல் இயந்திரத்தில் ஊசி உடைந்தது. தையல்காரர் ரஞ்சித் கைகூப்பினார்.

"நைனா, பொட்டி உள்ள இருக்கட்டும், நான் வெளிய குந்தி தைக்கிறேன். இல்லாங்காட்டி நான் உள்ள, பொட்டி வெளிய."

பெட்டி வெளியே வந்தது.

மனம் நொந்துபோய்க் கோயிலுக்குப் போனார் கோதண்டம். அர்ச்சகர் சிரித்தார். "ஆமையைக் கண்டு பயப்படலாமா? பெருமாளே கூர்மமா வந்தாரே!"

வானத்தில் பறந்துகொண்டு வீடு திரும்பினார்.

"பவானி! ஆமை யாரு தெரியுமா? பெருமாளு!"

"பெருமாளு பாற்கடல்ல இருந்தாரு. ஒருத்தர் வூட்டுக்குள்ள வந்தாரா?"

கோதண்டம் விடவில்லை. கொருக்குப்பேட்டைக்கு ஓடி, வில்லை செய்த பட்டறையிலேயே எல்லா ஆமை முதுகிலும் ஒரு நாமம் போட்டு வாங்கினார். இப்போது சபைச் சகோதரர் சுஃபியான் போன் செய்தார்.

"தலைவரே, ஆமைன்னாக்கூட யோசிச்சிருப்பேன். நாமத்துக்கு நான் எங்க போறது?"

'தலைவரு பதவிக்கு வர்றதுக்கு முன்னயே நமக்கு நாமம் போட்டுட்டாரு' என்று மீன் மார்க்கெட்டில் வேறு சிரித்தார்கள். கோதண்டம் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாமமாகத் துடைத்தார். நாமம் போயிற்று. கூடவே ஆமையின் கண்ணும் போயிற்று.

குருட்டு ஆமைகளைப் பெட்டியில் அடுக்கி மறுபடி மாடிப்படியிலேயே வைத்தார். விடிந்தால் பதவியேற்பு. ஒருவர்கூட வாங்க வரவில்லை. ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், ஒருவருக்குக் கால் சுளுக்கு, ஒருவர் மாதவரத்தில் பெண் பார்க்கப் போயிருந்தார்.

"பவானி, நான் தலைவரா இருக்கறது தோதுப்படாதோ?" என்றார் அன்று சாப்பாட்டின் முன்னால்.

பவானி அவர் தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தாள்.

பதவியேற்பு நாள் காலை, பெட்டியைத் தூக்கினால் பஞ்சு போல வந்தது. திறந்தார். அடியில் ஒரே ஓர் ஆமை, கண்ணில்லாமல் அவரைப் பார்த்தது.

கடலில் கொட்டிவிட்டார்கள். வேறென்ன? தொல்லை தீர்ந்ததென்று எல்லாருமாகச் சேர்ந்து கொட்டிவிட்டார்கள். கேட்கலாமென்றால் பவானியும் வீட்டில் இல்லை. முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தாள். கோதண்டம் அந்த ஒற்றை ஆமையைத் தன் சட்டையில் குத்திக்கொண்டார். நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று மனத்துக்குள் வார்த்தைகளைக் கோத்தபடி இராயபுரம் மண்டபத்துக்குள் நுழைந்தார்.

சபை எழுந்து நின்றது.

மனோகரன் நெஞ்சில் ஓர் ஆமை. ரஞ்சித் நெஞ்சில் ஓர் ஆமை. சுஃபியானின் வெள்ளை ஜிப்பாவில் ஓர் ஆமை. சிங்கத் தலைவர், கழுகுத் தலைவர் நெஞ்சிலும் ஆமை. வரிசை வரிசையாகக் குருட்டு ஆமைகள் அவரை நோக்கித் திரும்பின. முதல் வரிசையில் பவானி, பட்டுப்புடவையில் குத்திய ஆமையைத் தலைப்பால் மறைத்தும் மறைக்காமலும் நின்றாள்.

கோதண்டம் வார்த்தைகளை மறந்தார். மேடை ஏறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தார்ப்பாய் தைத்துக் காய்த்த கையால் உறுதிமொழி எடுத்தார். சபையின் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இறங்கி வந்ததும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த மீன்காரர் முத்தம்மாவிடம் போனார். அவர் சேலையிலும் ஓர் ஆமை.

"பாத்தியா முத்தம்மா! என் வாசகத்த யோசிச்சுப் பாத்துருக்காங்கோ. இந்த மூடநம்பிக்கையெல்லாம் வுட்டுட்டாங்கோ!"

"யாரு வுட்டா?" என்றார் முத்தம்மா, அவர் நெற்றியில் சந்தனத்தை வைத்தபடி. "ராவெல்லாம் ஒருத்தரும் தூங்கல நைனா, அம்மாம் பயம். ஆனா அத்தினி ஆமையும் உன் ஒருத்தன் வூட்டு வாசல்லயே குந்திகினு இருந்தா, அந்த வூடு இன்னாத்துக்கு ஆவும்? அதான் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சு எங்க வூட்டுக்கு எட்த்துகினு போய்ட்டோம்."