துவக்கு அண்ணையோடு ஒரு வீட்டில்

இலண்டனில் ஒரு தமிழன் வீட்டுக்குள் துவக்கு வைத்திருக்கக் கூடாத வருஷம் என்று ஒன்று இருந்தால், அது 2009தான். அந்த வருஷத்தில் வரவேற்பறைச் சுவர் நிறையத் துவக்கு மாட்டி வைத்திருந்த ஒரே தமிழனோடு நான் ஒரே வீட்டில் குடியிருந்தேன்.

துப்பாக்கியை ஊரில் துவக்கு என்போம். இலண்டனில் நாங்கள் இருந்த செவன் கிங்ஸ் பகுதியில் அந்த மனிதருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. துவக்கு அண்ணை என்றால் கோயிலிலும் தெரியும், மீன்கடையிலும் தெரியும். புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள், “இயக்கத்திலை பெரிய ஆளோ?” என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். உண்மையில் மனிதர் நவம்பர் மாதத்து வாணவேடிக்கைக்கே காதைப் பொத்திக்கொண்டு போர்வைக்குள் போகிறவர்.

அவருடைய துவக்குகள் இருநூறு வருஷத்துக்கு முன் அல்பேனியாவில் செய்தவை. தோட்டா கிடையாது. சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசி, பொறி பறந்து, மருந்து பற்றினால்தான் வெடிக்கும். நீளத் துவக்கின் அடிப்பக்கம் ஒல்லியாகப் போய் நுனியில் மீன்வால் போல விரியும். கைத்துவக்கின் பிடி அசல் எலிவால். மேலே வெள்ளித் தகடு போர்த்தி, பூவும் கொடியுமாய் வேலைப்பாடு செய்திருப்பார்கள். கலியாண நகை மாதிரி இருக்கும். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

“உலகத்திலை வேறை நாடு இல்லையோ அண்ணை? ஏன் அல்பேனியா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஜெர்மனியிலை என்னோடை பட்டறையிலை வேலை செய்தவன் ஒரு அல்பேனியன். தாத்தாவின்ர துவக்கு ஒண்டு வைச்சிருந்தவன், விசை உடைஞ்சு போய். நான் திருத்திக் குடுத்தனான். அண்டைக்குப் பிடிச்சது.”

அம்மை பிடித்த மாதிரிச் சொன்னார்.

வீட்டில் மூன்றாவது ஆள் ஜெரோம். மன்னார்ப் பெடியன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவன், அகதி வழக்கு முடியாமல் இழுபடுகிறவன். ஒரு ஞாயிறு காலை துவாயோடு குளியலறைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தொட்டி நிறையச் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். அதற்குள் ஒரு துவக்குக் குழல். அதிலிருந்து போன வயர் கார் பற்றரி சார்ஜரில் முடிந்தது. தண்ணீர் மீன்குழம்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது.

“இப்ப குளிக்க ஏலாது தம்பி,” என்றார் அண்ணை. “கரண்ட் ஓடுது. துரு கழறுது.”

“பூசைக்கு நேரமாகுது அண்ணை.”

“முகத்தைக் கழுவிப்போட்டுப் போம். கடவுள் மோந்து பாக்கிறேல்லை.”

ஜெரோம் சமையலறைத் தொட்டியில் தலையைக் கழுவப் போனான். அங்கே எலிவால் கைத்துவக்கொன்று சோற்றுப் பானைக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அன்று அவன் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்திருப்போம். பெப்ரவரியில் அண்ணை தேம்ஸுக்கு அந்தப் பக்கமிருந்த பழஞ்சாமான் சந்தையில் ஒரு நீளத் துவக்கு வாங்கினார். கட்டில் விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டில் அதை இருத்தி, பக்கத்தில் தான் இருந்து, வீட்டுக்குக் கொண்டுவந்தார். விரிப்புக்கு வெளியே குழல் எட்டிப் பார்த்தது அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்த மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அவர் தேத்தண்ணி போட்டுக் குடிப்பதற்குள் தெரு அடைபட்டது. வெளியே பொலிஸ் ஒலிபெருக்கி, வீட்டில் இருக்கும் எல்லோரும் கைகளை உயர்த்திக்கொண்டு வரச் சொன்னது. முதலில் போனவன் ஜெரோம். உயர்த்திய கையில் செபமாலை தொங்கியது. பின்னால் நான். என் விசா முடிகிற நேரம். ஊருக்குப் போகும் விமானத்தில் எனக்கு எந்த சீட் கிடைக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அண்ணை கடைசியாக வந்தார். பயமே இல்லை. கையில் தேத்தண்ணிக் கோப்பை, சட்டைப்பையில் ஜெர்மன் பாஸ்போர்ட்.

“ஜெரோம், நீர் ஏன் கையைத் தூக்கிறீர்? உம்மளைத் தேடியோ வந்தவங்கள்?”

“அண்ணை, தயவுசெய்து கோப்பையைக் கீழை வையுங்கோ,” என்றான் ஜெரோம். பாதி அழுகை.

அண்ணை கோப்பையை வைத்தார். பிறகு, பழம்பொருளை அலங்காரத்துக்கு வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்ற சட்டத்தை ஜெர்மன் மணக்கும் இங்கிலிஷில் மனப்பாடமாக ஒப்புவித்தார். உள்ளே போய்ப் பார்த்த பொலிஸ்காரர்கள் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர், இது சுடுமா என்று கேட்டார். நகைக்கடையில் போய் இது உருகுமா என்று கேட்ட மாதிரி அண்ணைக்குக் கோபம் வந்தது.

புதுத் துவக்கை மட்டும் சோதனைக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தந்தார்கள். எங்களுக்கு உயிர் வந்தது. அண்ணைக்குப் போனது. அடையாளச் சீட்டை வெள்ளியின் மேல் டேப்பால் ஒட்டியிருந்தார்கள். உரித்தபோது ஒரு பூவின் இதழ் கையோடு வந்துவிட்டது.

“நான் ஸ்டேஷனுக்குப் போறன். முறைப்பாடு குடுக்கவேணும்.”

“என்ர வழக்கு முடியுமட்டும் பொறுங்கோ அண்ணை,” என்று ஜெரோம் கையெடுத்துக் கும்பிட்டான்.

“உம்மட வழக்குக்கும் என்ர பூவுக்கும் என்ன சம்பந்தம்?”

போயே விட்டார். மன்னிப்புக் கேட்டார்கள் என்று சிரித்துக்கொண்டு வந்தார். ஜெரோம் அவரோடு கதைப்பதை நிறுத்தி, பக்கத்து ஊரில் வேறு அறை தேடத் தொடங்கினான். நானும் கூடப் போவதென்று முடிவெடுத்திருந்தேன்.

ஆனால் போகவில்லை. ஊரில் சண்டை இறுகியது. ஜெரோமின் தாய் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தொலைபேசி இல்லை, செய்தி இல்லை. ஜெரோம் பகலில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூட்டத்தோடு போய் நின்றான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் டிவிக்கு முன்னால் இருந்தான். மே மாதம் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். தாய் எங்கே என்று சொல்ல ஆளில்லை.

அந்தக் கிழமை நான் வேலையால் வந்தபோது வரவேற்பறைச் சுவரில் வெறும் ஆணிகள் இருந்தன. அண்ணை சமையலறையில் ஜெரோமுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“துவக்குகள் எங்கை அண்ணை?”

“பின்வளவுக் கொட்டிலுக்குள்ளை.”

“அது ஒழுகுமெல்லோ?”

“ஒழுகட்டும்,” என்று அகப்பையைத் தட்டினார். “அந்தப் பிள்ளை தலையை நிமித்திற இடமெல்லாம் துவக்கோ?”

கோடை முழுக்க மழை பெய்தது. அண்ணை ஒரு தடவைகூடக் கொட்டில் பக்கம் போகவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம் முகாமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. தாயின் குரல். ஜெரோம் தரையில் உட்கார்ந்து அழுதான். அண்ணை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

சில நாள் கழித்து, ஜெரோம்தான் கொட்டிலைத் திறந்து துவக்குகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தான். எல்லாவற்றிலும் துரு ஏறி, வெள்ளி கறுத்துக் கிடந்தது. வருஷக் கணக்கான வேலை பாழ். அண்ணை ஒரு குழலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஜெரோம் எண்ணெய்ப் போத்தலையும் துணியையும் எடுத்து அவருக்கு முன்னால் இருந்தான்.

“எங்கையிருந்து துடைக்கிறது அண்ணை?”

“இரும்பை மட்டும் துடையும். வெள்ளியிலை கை வைச்சீர் எண்டால் வீட்டை விட்டுக் கலைச்சுப்போடுவன்,” என்றார் அண்ணை. அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் ஏசியது அன்றுதான். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, எனக்கும் ஏச்சு விழட்டும் என்று, அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.