கோப்பில் இல்லாத மீசை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த உருப்படியான காரியம், 2008ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் நடந்தது. டாக்டர் பக்தவச்சலம் தமது பத்துப் படுக்கை மருத்துவமனையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, "இன்று முதல் இங்கே மருந்துத் தவறு என்பதே கிடையாது" என்று பிரகடனம் செய்தார்.

அன்றே இலவச முகாம். மலையில் முடி இறக்கிவிட்டு வந்தவர்கள் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று இருபத்திரண்டு வருடமாகச் சிவப்பு மையில் எழுதி வந்த நோட்டைப் பார்த்து நர்ஸ் ஜம்பகம் சொல்லச் சொல்ல, மோனிஷா என்ற கம்ப்யூட்டர் பெண் பதிந்துகொண்டாள். குட்டிக் கேமராவில் ஆளுக்கொரு படமும் பிடித்தாள். இருநூறு மொட்டை, இருநூறு சந்தனப் பூச்சு. மருந்துக்குக்கூட ஒரு மீசை இல்லை. சாயங்காலம் அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போனது. முன்னேற்றம் என்றால் சும்மாவா?

கார்த்திகை மாதம், கே.ஜி.கண்டிகை விவசாயி பச்சையப்பன் நொண்டிக்கொண்டு வந்தார். கரும்பின் அடிக்கட்டை காலில் குத்திச் சீழ் வைத்து, காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அந்த நிலையிலும் தலை படிய வாரி, மீசையை முறுக்கி விட்டிருந்தார்.

மோனிஷா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க பேர்ல கண்டிகையில மட்டும் ஒன்பது பேர் கீறாங்க. எல்லாம் மொட்டை. ஒண்ணுகூட உங்க மூஞ்சி இல்லைங்க."

"ஆடியில வந்தது நான்தாம்மா!"

"விதி ஏழு. படம் ஒத்துப்போகலைன்னா புதுக் கோப்புதாங்க."

புதுக் கோப்பு பச்சைக் குழந்தையின் மனம்போல வெள்ளையாக இருந்தது. 'ஆகாத மருந்து: இல்லை' என்று கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொண்டது. டாக்டர் அதைப் பார்த்துப் பென்சிலின் ஊசி எழுதினார்.

ஜம்பகம் அந்தச் சீட்டைக் கையில் வாங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே ஊசியைப் போட்டதுமே உதடு நீலம் பாரித்து, மூச்சு நின்றுபோனவர் இவர். தலையைத் தாங்கிப் பிடித்திருந்ததே அவள்தான்.

"சார், இவருக்குப் பென்சிலின் ஆகாது சார். அன்னைக்கு நீங்கதானே காப்பாத்தினீங்க!"

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் புன்னகைத்தார். "ஞாபகம் என்பது ஆதாரம் அல்ல, சிஸ்டர்."

"செத்துப் பொழைச்சவனே நான்தாங்க," என்றார் பச்சையப்பன்.

"நோயாளியின் வாய்மொழி மூன்றாம் தரத் தகவல்."

"சோதனை ஊசியாவது போட்டுப் பார்க்கலாமே சார்?"

"ஆகாதது 'இல்லை' என்று பதிவான பிறகு சோதிப்பது, கம்ப்யூட்டரை அவமதிப்பது. பழைய கோப்பு இருந்தால் அது சொல்லட்டும். கட்டுப்படுகிறேன்."

ஜம்பகம் பச்சையப்பனை ஆட்டோவில் ஏற்றி நேராக முனியன் சலூனுக்குக் கொண்டுபோனாள்.

"அண்ணா, உசுரா மீசையா?"

பச்சையப்பன் நியாயத்துக்கு மீறி யோசித்தார். "ஒரு பக்கம் மட்டும் எடுத்தா ஒத்துக்காதாம்மா?"

"ஒத்துக்காது."

"ஆடியிலதானே குடுத்தேன்!" என்று அழுதே விட்டார். முனியன் கத்தியைத் தீட்டினான். பக்கத்துப் பூக்கடையில் வாங்கிய சந்தனத்தை ஜம்பகமே அப்பினாள்.

திரும்பி வந்ததும் மோனிஷா துள்ளிக் குதித்தாள். "ஆங்! நாலாவது பச்சையப்பன்! அப்படியே கீறாரு!" கோப்பு திறந்தது. திரை சிவந்தது: 'பென்சிலின் கூடவே கூடாது.'

டாக்டர் பதறி எழுந்து ஊசியை மாற்றி எழுதினார். காய்ச்சல் மூன்றே நாளில் இறங்கியது. முனியன் 'முக அடையாள அலுவலர்' என்ற பதவியோடு வாசலில் நாற்காலி போட்டு அமர்த்தப்பட்டான். அறிக்கை இப்படித் தயாரானது: 'கம்ப்யூட்டர் காப்பாற்றிய உயிர்: ஒன்று. மனிதரால் ஏற்பட்ட தாமதம்: ஐம்பது நிமிடம். பொறுப்பு: நர்ஸ் ஜம்பகம்.' அவளுக்கு ஒரு மெமோவும் கிடைத்தது.

நாலாம் நாள் பாராட்டு விழா. கம்ப்யூட்டருக்கு மறுபடி மாலை. "உங்களைக் காப்பாற்றிய இயந்திரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்," என்றார் டாக்டர், திரையில் படங்களை ஓட விட்டபடி.

பச்சையப்பன் மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். "மலை மேல கீற முருகருக்கு மொட்டையோட போனாலும் என்னைத் தெரியுது, மீசையோட போனாலும் தெரியுது. இந்த நர்ஸம்மாவுக்கும் தெரியுது. பத்து வருஷமா உங்ககிட்டதான் வந்துகினு கீறேன், டாக்டர் ஐயா. கொஞ்சம் இப்படித் திரும்புங்க. என்னை யாருன்னு தெரியுதுங்களா?"

டாக்டர் பதிலுக்காக அவசரமாகத் திரையைப் பார்த்தார்.

கரண்டு போயிருந்தது.