பால் பொங்கிய பிறகு வக்கீல்

வீடு வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதலில் வக்கீலைப் பார்ப்பவர்கள், முதலில் காலண்டரைப் பார்ப்பவர்கள். நான் இரண்டாவது ரகத்துக்குத் தலைவி. (நல்ல நேரமெல்லாம் காலண்டரில் போட்டிருக்கும். வில்லங்கத்தைப் போட மாட்டார்களே!)

வல்லம் வடகாலில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு கீறல் தெரிந்தால் போதும், பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். லைனில் எனக்கு 'ரிஜெக்ட் வசந்தி' என்றே பெயர். அப்பேர்ப்பட்ட நான், ஒரகடம் பக்கம் கன்னியப்பன் என்பவர் விற்கவிருந்த வீட்டை வாசலில் நின்றபடியே பாஸ் செய்துவிட்டேன். வாடகை வீட்டில் சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப் போயிருந்தது. எனக்கென்று ஒரு சுவர் வேண்டும், அவ்வளவுதான்.

"வசந்தி, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலாண்ட காட்டிடலாமா?" என்றார் கம்பெனி பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர்.

"நல்ல காரியம் பேசசொல்ல வக்கீலு, கோர்ட்டுன்னு இன்னா பேச்சு இது? வாயைக் கழுவுங்க!"

அவர் பாவம், கழுவிக்கொண்டார். அட்வான்ஸ் கொடுத்தோம். பத்திரப்பதிவைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார் கன்னியப்பன். மார்கழி வந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாதே என்று நான் பதற, "வூடு உங்குளுதுதாம்மா, இப்பவே காய்ச்சிக்க" என்று சாவியை நீட்டினார். அந்தக் கையோடு வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி (கொஞ்சம் திமிராகவே சொன்னேன்), சாமான்களை மினி வேனில் ஏற்றிவிட்டேன்.

பால் நன்றாகத்தான் பொங்கியது. சொந்தக்காரர்கள் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் வந்தார். வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம் என்று நான் நினைத்தேன், என் பக்கத்துச் சொந்தம் என்று வீட்டுக்காரர் நினைத்தார். குங்குமம் கொடுத்து, நாற்காலி போட்டு, கேசரி வைத்தேன். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அந்த அம்மாள் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, நீங்க யாரு கூப்ட்டு வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என் வூட்டுக்கு என்னிய யாரு கூப்புடணும்? நான் கன்னியப்பனோட அக்கா தேசம்மா. இது எங்கப்பன் கட்ன வூடு. எனக்கும் பாதி கீது. நான் எதுலயும் கையெழுத்துப் போடலியே!"

என் மாமியார் கவலையோடு, "அப்போ நாம எந்தப் பாதில பால் காய்ச்சினோம்?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! யார்மேல் காட்டுவது? கன்னியப்பன் போனை அணைத்துவிட்டார். பட்டுப்புடவையோடு ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடி ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம்.

"அந்தாளோட அப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டீங்களா? உயில் எழுதாம செத்துப்போனா பொண்ணுக்கும் பங்கு உண்டு."

கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பா, சமையலறை எந்தத் திசை, பக்கத்து வீட்டு நாய் கடிக்குமா என்று எல்லாம் கேட்டிருந்தேன். இதைக் கேட்கவில்லை.

"பாலைக் காய்ச்சிட்டு வந்திருக்கீங்க. பால் பாக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி வந்திருக்கணும்!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். என் தலையில் அடிக்காததுதான் பாக்கி.

தேசம்மா கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அந்த வீடு போயே போச்சு. அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதற்குள் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. அதுவரை சாமான்களோடு மாமியார் வீட்டு ஒற்றை அறையில் கிடந்தோம்.

அப்புறம் தண்டலம் பக்கம் வீடு பார்த்தோம். அதே வக்கீலம்மாவிடம் முதலில் போனோம். மூன்று வீடுகளை என்னைவிடக் கறாராக ரிஜெக்ட் செய்தார். நான்காவது தேறியது. கிரகப்பிரவேசத்தன்று பசுவை உள்ளே ஓட்டச் சொன்னார் ஐயர். என் மாமியார் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"இருங்க சாமி. பசுவுக்கு இன்னா தெரியும்? மொதல்ல வக்கீலம்மா போவட்டும்."

விசேஷத்துக்கு வந்திருந்த வக்கீலம்மா வலது காலை எடுத்து வைத்துப் போக, பின்னாலேயே பசு போனது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வீடு வாங்கினாலும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறார்கள்: "பசு இருக்கட்டும், வக்கீலு உள்ள போயாச்சா?"