தொண்ணூற்றொன்பது விளையாட்டும் முப்பத்துமூன்று குறைவும்

இயேசு மரி சூசை துணை

காரைக்குடி
9.10.1997

அன்புள்ள மைத்துனன் அலெக்ஸுக்கு, அத்தான் சூசைமரியான் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அக்காள் சந்தனமேரியும் நலம்தான், ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஷார்ஜாவில் உன் சுகத்துக்கும் உன் முதலாளியின் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. நீ போன வருடம் உன் மருமகன் அருண் ஜோசப்புக்குக் கொண்டுவந்து கொடுத்த டி.வி. கேமை நான் விற்றுவிட்டேன். கோபப்படாமல் மேலே படி. அவன் பாலிடெக்னிக் விடுதிக்குப் போய்விட்டான், அது அலமாரியில் சும்மா கிடந்தது, கேபிள்காரன் சொக்கு நம்ம லோக்கல் சேனலில் விளம்பரம் ஓட்டுகிறேன் என்றான், சரி என்றேன். அதில் செருகுகிற கேசட்டை எடுத்துப் பார்த்தேன். மேலே 99 என்று கொட்டை எழுத்தில் இருந்தது, மற்றதெல்லாம் சீன எழுத்து. எனக்கு எண் போதும். 'தொண்ணூற்றொன்பது விளையாட்டுகள். ஓய்வுபெற்ற கணக்காசிரியர் சூசைமரியான் உத்தரவாதம். ஒன்று குறைந்தாலும் இதே டி.வி.யில் மன்னிப்புக் கேட்கப்படும்' என்று எழுதிக் கொடுத்தேன். கடைசி வரி வேண்டாம் சார் என்று சொக்கு சொன்னான். முப்பத்துமூன்று வருடம் கணக்கு நடத்தியவனுக்குக் கேபிள்காரன் புத்தி சொல்வதா?

வாங்கியவன் யார் தெரியுமா, புதுவயல் ரைஸ்மில் மாயக்கண்ணன். என்னிடம் படித்தவன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அரைப்பரீட்சையில் அறுபத்தாறு வாங்கிவிட்டு, மார்க் மட்டும் தெரிகிற மாதிரி மடித்த விடைத்தாளை என் மேசை முன்னால் நீட்டி, "தொண்ணூத்தொம்பது சார்" என்று சாதித்தானே, அவன்தான். எனக்கு அறுபத்தாறாகத்தான் தெரிந்தது. எதிர்த்துப் பேசியதற்காக ஒரு பீரியடு முழுக்கப் பெஞ்சு மேல் நிறுத்தினேன். அவன் வாங்கிப்போன நாலாம் நாள் கேசட்டோடு வந்து நின்றான்.

"சார், நீங்க தொண்ணூத்தொம்பதுன்னு சொன்னீக. நாங்க எண்ணுனதுல அறுபத்தாறுதான் இருக்கு. மூட்டையில மூணுல ஒரு பங்கு கொறஞ்சா மில்லுல எறக்குவமா?"

உனக்குச் சரியாக எண்ணத் தெரியாது, அது பழைய வியாதி என்றேன். வந்து நீங்களே எண்ணிப் பாருங்கள் என்றான். பஸ் ஏறிப் புதுவயல் போனேன். மில் ஆபீஸில் டி.வி. வைத்திருக்கிறார்கள். ஒரு விளையாட்டை ஆடி முடித்ததும், மூட்டை இறக்குகிற மாதிரி பெத்தன் என்கிற லோடுமேன் சுவரில் கரிக்கோடு போடுகிறான். நாலாவது விளையாட்டில் வாத்தைச் சுட வேண்டும். லோடுமேன்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று சுட்டார்கள், வாசலில் நெல் லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே கிடக்குது, எவனும் திரும்பிப் பார்க்கலை. அறுபத்தாறு கோடு. நடுவில் டீ குடித்தபோது விட்டிருப்பீர்கள் என்றேன். மறுபடி எண்ணினோம். அறுபத்தாறு. டீயே குடிக்காமல் எண்ணினோம், அதுவும் அறுபத்தாறு.

நான் விடவில்லை. தொண்ணூற்றொன்பதுக்கு அறுபத்தாறு என்றால் நூற்றுக்கு அறுபத்தாறே மூன்றில் இரண்டு. முதல் வகுப்பில் தேறின கேசட்டை எப்படிடா திருப்பித் தருவே என்று கேட்டேன். பெத்தன் கை தட்டினான். மாயக்கண்ணன் தட்டலை. கேசட்டை என் வீட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிட்டான். நான் வாங்கினதாகவும் இல்லை, அவன் கொடுத்ததாகவும் இல்லை, அது பாட்டுக்குக் கிடக்குது. சந்தனமேரி "தம்பி ஆசையாக் குடுத்ததை வித்து மானத்தையும் வித்தாச்சு" என்று சொன்னதோடு வாயை மூடினவள்தான்.

அலெக்ஸ், எனக்கு உள்ளூர பயமாக இருக்கிறது. என்னிடம் கணக்கில் பெயிலானவர்கள் இந்த ஊரில் பாதிப் பேர். மன்னிப்புக்கு என்று சொக்கு குறித்துவைத்திருக்கிற 26ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம் நான் டி.வி.யில் வந்து 'எண்ணிக்கை தவறு' என்று சொன்னால், அப்புறம் பூசைக்குக்கூடப் போக முடியாது. ஆகவே அங்கே கடைக்காரனிடம் 'தொண்ணூற்றொன்பதுதான்' என்று சீல் வைத்து ஒரு சான்றிதழ் வாங்கி உடனே அனுப்பு.

மாதாவின் ஆசீர் உன் மேலும், உன் விசா மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் சூசைமரியான்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள். கடிதம் ஒட்டப் பசை கொண்டுவந்த சந்தனமேரி, மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடி வாயைத் திறந்தாள்: "அறுபத்தாறுன்னுதானே போட்டிருக்கு. தலைகீழா வச்சுக்கிட்டு ஊரைக் கூட்டுறீக." எழுந்து அங்குட்டுப் போய் நின்று பார்த்தேன். அறுபத்தாறு. அப்போதுதான் அந்த மடித்த விடைத்தாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மாயக்கண்ணனும் மேசைக்கு எதிர்ப்பக்கம்தான் நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

கையோடு பஸ் ஏறிப் புதுவயல் போய் இரண்டு தவறையும் ஒப்புக்கொண்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மாயக்கண்ணன் சிரிக்கவில்லை. "கேசட்டைக் குடுங்க சார், நம்ம ஆளுக ஆடட்டும். டி.வி.யில மன்னிப்பெல்லாம் வேணாம். பெஞ்சு மேல ஒரு பீரியடு நில்லுங்க, போதும்" என்றான். நியாயம்தான். 26ஆம் தேதி மில்லில் பெஞ்சு போடுகிறான். விழாமல் பிடித்துக்கொள்ளச் சந்தனமேரி வருகிறாள். சான்றிதழ் வேண்டாம், முட்டிவலித் தைலம் இரண்டு புட்டி அனுப்பு.