வத்சலாவின் டாக்டர் படிப்புக்கு நாங்கள் எழுதிய பதினோரு கடிதங்கள்

டாக்டர்களை உருவாக்குவது மருத்துவக் கல்லூரி அல்ல, கடிதம்தான். இந்த மாபெரும் உண்மையை 1974-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் இருவர். கடிதக் குழுத் தலைவனாகிய நானும், செயலாளர் சேஷாத்ரியும். குழுவில் உறுப்பினர் யாரும் கிடையாது. இருவருமே இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி மாணவர்கள் என்பதால், மருத்துவப் படிப்பைப் பற்றி எங்களால் தடங்கலின்றிப் பேச முடிந்தது.

எங்களுக்குப் பழக்கமான திருச்சிப் பெண் வத்சலா அப்போது அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். ஜெர்மன் மொழித் தேர்விலும் நுழைவுப் படிப்பிலும் நல்ல மார்க். அக்டோபருக்குள் இடம் கிடைக்காவிட்டால் விசா முடிந்து திருச்சிக்குத் திரும்ப வேண்டியதுதான். அவளுடைய அறைத்தோழி கிரிஜாவும் விண்ணப்பித்திருந்தாள். மார்க் குறைவு. வீட்டுக்குக்கூட ஒரு வரி எழுதாத சோம்பேறி.

"மார்க் பாத்துதான் செலக்ட் பண்ணுவாங்களாம் சார்" என்றாள் வத்சலா.

"மார்க் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. உன் இன்டென்ஷன் என்னன்னு யார் சொல்றது?"

இவ்வாறு மே மாதத்தில் முதல் 'உறுதிக் கடிதம்' பிறந்தது. இடம் கொடுத்தால் வத்சலா கட்டாயம் வந்து சேருவாள் என்று அதில் உறுதி கூறினோம். வரமாட்டாள் என்று அதுவரை யாரும் சந்தேகப்பட்டிருக்கவில்லை.

"'தங்கள் பாதங்களில் பணிந்து'ன்னு வருதே, ஜெர்மன்ல எப்படி போடறது?" என்றான் சேஷாத்ரி.

"பாதம்னே போடு. டாக்டர் படிப்பு நடத்தறவங்க, உடம்புப் பாகமெல்லாம் பழக்கமாத்தான் இருக்கும்."

இரண்டே வாரத்தில் பதில் வந்தது: 'தங்கள் கடிதம் கிடைத்தது. கோப்பில் சேர்க்கப்பட்டது.' பாதி வெற்றி! சேஷாத்ரி கேசரி கிளறினான். பதில் போட்டவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க நாம் என்ன காட்டுமிராண்டிகளா? நன்றிக் கடிதம் அனுப்பினோம். அதற்கும் பதில் வந்தது. அந்தப் பதிலுக்கும் நன்றி தெரிவித்தோம். செப்டம்பருக்குள் பதினோரு கடிதங்கள் போய்ச் சேர்ந்தன.

"கிரிஜா ஒண்ணுமே எழுதலையே சார்?"

"அதனாலதான் அவளுக்குக் கிடைக்கப்போறதில்லை."

கிரிஜாவுக்குக் கிடைத்தது. வத்சலாவுக்குக் கிடைக்கவில்லை.

வத்சலாவோடு நாங்கள் இருவரும் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் தலையணை கனத்துக்கு ஒரு கோப்பை மேஜைமேல் வைத்தார்.

"என் மார்க் போதவில்லையா?" என்று வத்சலா ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

"தாராளமாகப் போதும். ஆனால் தேர்வுக் குழு கூடிய அன்று உங்கள் கோப்பு மேலே இல்லை. பதில் எழுதுவதற்காகக் கீழ்மாடியில் இருந்தது. கடிதம் வந்தால், பதில் போகும்வரை கோப்பு அங்கேதான் இருக்க வேண்டும். அது விதி."

"அன்று எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தீர்கள்?" என்று நான் ஆவலோடு கேட்டேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். "பதினோராவது. அதில் எங்கள் பத்தாவது பதிலுக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள்."

ஒரு நன்றிக் கடிதத்துக்காக ஒரு மாடியே உழைத்திருக்கிறது! சேஷாத்ரி நெகிழ்ந்துபோனான். வத்சலா அழவில்லை. பதினோரு கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோப்பை மூடி அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தாள்.  தலைவன் என்ற முறையில் அந்த அம்மாளுக்கு நான் நேரிலேயே நன்றி சொன்னேன்.

அவள் ஊருக்குப் போன மறுமாதம் குழுவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது.

'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, அடுத்த வருஷம் நான் மறுபடி விண்ணப்பிப்பேன். இடம் கொடுத்தால் கட்டாயம் போய்ச் சேருவேன். எந்த ஊரில், எந்தக் கல்லூரியில் என்பதை உங்கள் இருவருக்கு மட்டும் சொல்லமாட்டேன். இது என் உறுதிக் கடிதம். வத்சலா.'

சுருக்கமான, அருமையான நடை. எங்களிடம் கற்றது வீண்போகவில்லை. உறையில் தன் முகவரியை எழுத மட்டும் மறந்துவிட்டாள். நன்றிக் கடிதம் தயாராக மேஜைமேல் கிடக்கிறது.